ரேடார் குரோனோகிராஃப்: எதை வாங்குவது, அது காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது

கேட்டவர் 308 வின்செஸ்டர் ரைபிளுக்குத் தோட்டாவைத் தாமே நிரப்பிச் சுடுபவர். இடையிடையே ஏர் ரைபிளும் உண்டு. இதுவரை கையில் இருப்பது ஒளிச்சட்டம் வைத்த பழைய குரோனோ, அதாவது குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப். ரேடாருக்கு மாறலாம் என்று நினைக்கிறார். கார்மின் ஸீரோ சி1 ப்ரோ, ஆத்லான் ரேஞ்ச்கிராஃப்ட், யாரோ கைமாற்றாகத் தரும் முதல் தலைமுறை லேப்ரேடார் ஆகிய மூன்றில் எது என்பது முதல் கேள்வி. நண்பரின் கார்மினும் தன் பழைய குரோனோவும் ஒரே வெடிக்கு 12 எஃப்பிஎஸ் (வினாடிக்கு அடி) வித்தியாசம் காட்டுகின்றனவே, எது தப்பு என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு நேர் பதில்: குழல்வாயில் வேகம் என்ன என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் கார்மின். பட்ஜெட் இடித்தால் ஆத்லான். குண்டு போகிற வழியில் வேகம் எப்படிக் குறைகிறது என்ற விவரமும் வேண்டும், அதற்காகக் கொஞ்சம் மல்லுக்கட்டவும் தயார் என்றால் மட்டும் பழைய லேப்ரேடார். துல்லியத்தை வைத்து இவற்றுக்குள் தேர்வு செய்ய முயலாதீர்கள். மூன்றுமே 0.1 சதவீதம் என்றுதான் சொல்கின்றன, புழக்கத்திலும் அந்த அளவில்தான் நிற்கின்றன. வித்தியாசமெல்லாம் எத்தனை வெடியைத் தவறவிடுகிறது, எவ்வளவு நேரத்தில் தயாராகிறது, என்ன தகவலைச் சேமிக்கிறது என்பதில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியமானது. இரண்டு கருவியும் சரியாகவே வேலை செய்துகொண்டு அந்த 12 எஃப்பிஎஸ் வித்தியாசத்தைக் காட்ட முடியும். ஒளிச்சட்டத்தைக் குழல்வாயிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளித்தான் வைப்பீர்கள். அதற்கு முன்னால் வைத்தால் வெடிப்பின் வாயுவும் அதிர்வும் அதைக் குழப்பிவிடும். 308-இல் 175 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு 2600 எஃப்பிஎஸ்ஸில் கிளம்பினால் முதல் 100 கஜத்தில் ஏறத்தாழ 180 எஃப்பிஎஸ் இழக்கும். அதாவது ஓர் அடி தூரத்துக்கு 0.6 எஃப்பிஎஸ். பத்து அடி தள்ளி அளந்தால் 6, பதினைந்து அடியில் 9 குறைவாகத்தான் காட்ட வேண்டும். ரேடார் காட்டுவது குழல்வாய் வேகம். உங்கள் குரோனோ காட்டுவது பத்து அடி தள்ளி இருக்கும் வேகம். முதலில் இந்தக் கணக்கைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மிச்சத்துக்கும் காரணம் உண்டு. ஒளிச்சட்டத்தில் இரண்டு சென்சார்கள் 24 அங்குல இடைவெளியில் இருக்கின்றன என்று வையுங்கள். குண்டின் நிழல் விழுந்ததும் ஒன்று கடிகாரத்தை ஓட்டுகிறது, மற்றது நிறுத்துகிறது. மேகம் நகர்ந்தாலோ வெயில் ஒரு சென்சாரில் சாய்வாக விழுந்தாலோ, சென்சார் விழித்துக்கொள்ளும் இடம் கொஞ்சம் முன்பின்னாகும். அரைக்கால் அங்குலம் நகர்ந்தாலே 0.5 சதவீதப் பிழை. 2600-இல் அது 13 எஃப்பிஎஸ். ஓலர் 35பி போன்ற பழைய நல்ல கருவிகளில் மூன்றாவது சென்சார் வைத்து இரண்டு வேகங்களை ஒப்பிட்டுக் காட்டியது இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கத்தான். சட்டம் நீளமானால் பிழையும் சுருங்கும். ஆனால் அவ்வளவு நீளத்தைச் சுடுதளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், எல்லோரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, சுடுகோட்டைத் தாண்டிப் போய் நிறுத்தி, நேராக்கி... ரேடார் பக்கம் ஆட்கள் ஓடியதற்கு இந்த அலுப்பே பாதிக் காரணம்.

ரேடாரில் இந்த இடைவெளிச் சிக்கலே இல்லை. அது 24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நுண்ணலையை அனுப்புகிறது. குண்டின் அடிப்பாகத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அலையெண் மாறியிருக்கும். விலகிப் போகும் பொருளானால் குறையும். எவ்வளவு குறைந்தது என்பதே வேகம். வினாடிக்கு ஒரு மீட்டருக்கு 160 ஹெர்ட்ஸ் என்று கணக்கு. 2600 எஃப்பிஎஸ் குண்டுக்கு ஏறத்தாழ 1,27,000 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். இவ்வளவு பெரிய எண்ணை எண்ணுவது மின்னணுவுக்குச் சிரமமே இல்லை. கருவி தான் அனுப்பிய அலையெண்ணைத் தானே சரியாக அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 24 கிகாஹெர்ட்ஸில் 24 மெகாஹெர்ட்ஸ் பிசகினால் வேகத்தில் 0.1 சதவீதம் பிசகும். அப்படிப் பிசகினாலும் எல்லா வெடிக்கும் ஒரே பக்கமாக, ஒரே விகிதத்தில் பிசகும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் உள்ள வித்தியாசம் கெடாது. வெடிமருந்து அளவை ஒப்பிடுகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. ரேடார் குண்டைக் குழல்வாயிலேயே பார்ப்பதில்லை. நெருப்பும் வாயுவும் விலகி, குண்டு கொஞ்ச தூரம் போன பிறகு பல இடங்களில் வேகத்தை அளந்து, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் குழல்வாய் வேகத்தைக் கணக்கிடுகிறது. அப்புறம், கருவி குழலுக்குப் பக்கத்தில் இருப்பதால் குண்டைச் சற்றுச் சாய்வாகப் பார்க்கிறது. 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் 2 மீட்டர் தூரத்தில் அந்தச் சாய்வால் 0.28 சதவீதம் குறைவாகத் தெரியும். 10 மீட்டரில் 0.01 சதவீதம்தான். லேப்ரேடார் மெனுவில் பக்கவாட்டுத் தூரத்தைக் கேட்பது இதற்காகத்தான். அங்கே 6 அங்குலம் என்று போட்டுவிட்டுப் பெஞ்சில் ஒன்றரை அடி தள்ளி வைப்பவர்களை அடிக்கடி பார்க்கலாம். கருவி கொஞ்சம் கோணலாகத் திரும்பியிருந்தால் வேகம் தப்பாக வராது. சிக்னல் பலவீனமாகி வெடி பதிவாகாமல் போகும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

லேப்ரேடாரைச் செய்தது கனடாவின் இன்ஃபினிஷன் நிறுவனம். பீரங்கிச் சோதனைக்கூடங்களுக்கு ரேடார் செய்து பழகியவர்கள், 2015 வாக்கில் அதைச் சாதாரண ஆள் வாங்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். ஆரஞ்சு நிறத்தில் தட்டையான சதுரப் பலகை. ஆறு ஏஏ பேட்டரி போட வேண்டும். அதைச் சீக்கிரமே தின்றுவிடும் என்பதால் எல்லோரும் யுஎஸ்பி பவர்பேங்கில்தான் ஓட்டுவார்கள். மேலே ஒரு வெட்டு இருக்கும். அதன் வழியாகக் கண் வைத்து இலக்கை நோக்கித் திருப்ப வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு நீலமாகும், அதன் பிறகுதான் சுட வேண்டும். குண்டு கிளம்பியதை அது மைக்கில் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. இங்கேதான் வம்பு. பக்கத்துப் பெஞ்சில் யாராவது சுட்டால் அது விழித்துக்கொள்ளும். சத்தம் குறைந்த ஏர் ரைபிளிலோ சைலன்சர் போட்ட ரைபிளிலோ விழிக்காமல் போகலாம். இதற்கென்றே துப்பாக்கியில் ஒட்டிவைத்து உதையை உணர்ந்து அளக்கத் தொடங்கச் சைகை தரும் துணைக்கருவிகள் தனியாக விற்பனைக்கு வந்தன என்றால் தொல்லை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு அதை ஏன் இன்னும் சிலர் விடமாட்டேன் என்கிறார்கள்? காரணம், அது எழுதிவைக்கும் கோப்பு. ஒவ்வொரு வெடிக்கும் எஸ்டி கார்டில் தனிக் கோப்பு உருவாகும். நேரம், வேகம், தூரம், சிக்னலின் தரம் என்று வரிசை வரிசையாக. நீங்கள் குறித்துக்கொடுக்கும் ஐந்து தூரங்களில் வேகத்தைத் திரையிலேயே காட்டும். திரும்பி வரும் சிக்னல் தூரத்தின் நான்காம் மடிக்கு எதிர்விகிதத்தில் தேயும், அதாவது இரட்டிப்புத் தூரத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் பெரிய குண்டை நூறு கஜம் வரையிலும், சிறிய 22 குண்டை அதைவிடக் குறைவாகவும்தான் பின்தொடர முடியும். கோப்பைத் திறந்து பார்த்தால் சிக்னல் தரத்தின் எண் படிப்படியாக இறங்குவதும், ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் எண்ணுக்கு எண் துள்ளத் தொடங்குவதும் தெரியும். துள்ளுகிற அந்த வால்பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்து உங்கள் குண்டின் பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட்டை (காற்றில் வேகத்தை எவ்வளவு தக்கவைக்கிறது என்று காட்டும் எண்) உங்கள் குழலிலேயே கணக்கிடலாம். ஒரு வெடியை நம்பாமல் பத்துப் பதினைந்தின் சராசரி எடுத்தால் உருப்படியான எண் கிடைக்கும். கிலோமீட்டர் கணக்கில் பின்தொடரும் வைபெல் போன்ற ராணுவத் தரக் கருவிகளோடு இதை ஒப்பிட முடியாதுதான். ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு இது எவ்வளவோ மேல்.

கார்மின் 2023 நவம்பரில் வந்தது. வந்த வேகத்தில் மற்ற எல்லாவற்றையும் பழையதாக்கிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும், எடை 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சின்ன ட்ரைபாடில் பெஞ்சின் மேல், குழலுக்கு அரையடி ஓரடி பக்கத்தில், குழல்வாய்க்குச் சற்றுப் பின்னால் வைத்து, சுடும் திசையைத் தோராயமாகக் காட்டினால் போதும். மைக் கிடையாது. ரேடாரே குண்டைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. ரைபிளா, பிஸ்டலா, வில்லா, ஏர் ரைபிளா என்று முதலில் சொல்லிவிட வேண்டும். 100 முதல் 5000 எஃப்பிஎஸ் வரை அளக்கும். பேட்டரி ஒரு நாள் சுடுவதற்குத் தாராளம், மழைத்தண்ணீர் பற்றியும் கவலையில்லை. கணக்கெல்லாம் போன் செயலிக்குப் போய்விடும், ஆனால் போன் இல்லாமலும் முழுதாக வேலை செய்யும். வெடி தவறுவது அபூர்வம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். மருந்து அளவைக் கிரெயினில் பத்தில் இரண்டு இரண்டாக ஏற்றிச் சோதிக்கும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு வெடி பதிவாகாமல் போனால் அந்தச் சோதனையே வீண். குறை என்று சொன்னால், வழியில் எந்தத் தூரத்தில் என்ன வேகம் என்று தராது. குழல்வாய் வேகத்தோடு சரி.

அதன் பிறகு 2024-இல் வரிசையாக வந்தவை எல்லாம் கார்மின் போட்ட பாதைதான். ஆத்லான் ரேஞ்ச்கிராஃப்ட் அதே வேலையைக் குறைந்த விலையில் செய்கிறது; மெனுவும் செயலியும் கார்மின் அளவுக்கு வழுவழுப்பாக இல்லை என்பதைத் தவிரப் பெரிய புகார் எனக்கில்லை. லேப்ரேடார்காரர்களும் எல்எக்ஸ் என்று சின்னதாக ஒன்றை இறக்கினார்கள். கால்டுவெல்லின் வெலாசிரேடார் குண்டைப் பின்தொடர்ந்து கோஎஃபிஷன்ட் கணக்கிடும் வழியில் போகிறது. அந்தத் தகவலுக்காகவே பழைய லேப்ரேடாரைத் தேடுகிறவர் வாங்குமுன் இதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஏர் ரைபிளுக்கு வருகிறேன். பெல்லட் சின்னது, மெல்லவும் போகிறது, வேகத்தையும் மளமளவென்று இழக்கிறது. மீட்டருக்கு மூன்று நான்கு எஃப்பிஎஸ் குறைவது சாதாரணம். ரேடார் எவ்வளவு சீக்கிரம் அதைப் பிடிக்கிறதோ அவ்வளவு நல்லது. மைக்கை நம்பும் பழைய லேப்ரேடார் இங்கே தடுமாறும்; மைக்கின் உணர்திறனை ஏற்றிவைத்து, குழல்வாய்க்கு இன்னும் அருகே நகர்த்தி ஒப்பேற்றலாம். கார்மினில் ஏர் ரைபிள் என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்குக் கைமாற்று லேப்ரேடார் பொருந்தாமல் போகலாம்.

சுடுதளத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். கூரை போட்ட உள்ளரங்கில் குழல்விளக்கின் துடிப்பு ஒளிச்சட்டத்தைக் கெடுக்கும், ரேடாருக்கு அது பொருட்டே இல்லை. பெஞ்சுக்கு முன்னால் இரும்புத் தூணோ உயரமான புல்லோ இருந்தால் ரேடாரின் பார்வை மறையும். மசில் பிரேக் (வாயுவைப் பக்கவாட்டில் தள்ளி உதையைக் குறைக்கும் குழல்நுனித் துணைக்கருவி) போட்ட ரைபிளுக்குப் பக்கத்தில் கருவியை வைத்தால் ஒவ்வொரு வெடிக்கும் காற்றறை வாங்கித் திசை திரும்பிவிடும். பிரேக்கின் துளைகளுக்கு நேராக இல்லாமல் பின்னுக்கு இழுங்கள். எங்கே வைத்தாலும் குழல்வாய்க்கு முன்னால் கையும் போகக் கூடாது, கருவியும் போகக் கூடாது.

குழலில் கட்டும் மேக்னெட்டோஸ்பீடு பற்றியும் சிலர் கேட்பார்கள். வேகத்தை நன்றாகவே அளக்கும். ஆனால் குழல் நுனியில் எடை தொங்குவதால் குண்டு படும் இடம் மாறிவிடும். வேகத்தையும், குண்டுகள் இலக்கில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. ரேடார் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை.

இனி எண்களைப் படிப்பது. கருவிக்குச் செலவழிக்கும் கவலையில் பாதியை இதற்குச் செலவழித்தால் நல்லது. ஐந்து வெடி சுட்டு, எஸ்டி (ஸ்டாண்டர்டு டீவியேஷன், வெடிக்கு வெடி வேகம் சிதறும் அளவு) 4 என்று திரையில் பார்த்துவிட்டு, இந்த மருந்து அளவுதான் என்று முடிவுகட்டுவது பெரும்பாலானோர் வழக்கம். உங்கள் தோட்டாவின் உண்மையான எஸ்டி 10 என்று வையுங்கள். ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பார்த்தால், எந்த மாற்றமும் செய்யாமலேயே, திரையில் 3.5-இலிருந்து 16.7 வரை எது வேண்டுமானாலும் வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை அந்த எல்லைக்குள் இருக்கும், அவ்வளவுதான். பத்து வெடிக்கு 5.5 முதல் 14.5. இருபதுக்கு 6.8 முதல் 13.1. ஆக, ஐந்து வெடியில் 4 காட்டிய அளவும் 12 காட்டிய அளவும் உள்ளுக்குள் ஒன்றாகவே இருக்கலாம். அதிகபட்ச வேறுபாடு, அதாவது மிக வேகமான வெடிக்கும் மிக மெதுவான வெடிக்கும் உள்ள இடைவெளி, இதைவிட மோசம். எஸ்டி 10 உள்ள தோட்டாவுக்கு அது ஐந்து வெடியில் சராசரியாக 23, பத்தில் 31, இருபதில் 37. நிறையச் சுடச் சுட எண் ஏறிக்கொண்டே போகும். எத்தனை வெடி என்று சொல்லாமல் யாராவது அதிகபட்ச வேறுபாட்டை மட்டும் பெருமையாகச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ரேடார் இங்கே உதவுவது எப்படியென்றால், அது தன் பங்குக்குச் சிதறலைக் கூட்டுவதில்லை. உண்மை எஸ்டி 10 இருக்க, கருவியின் சொந்தத் தடுமாற்றம் 8 என்றால் திரையில் 12.8 வரும். தடுமாற்றம் 2 என்றால் 10.2. பழைய ஒளிச்சட்டத்தில் நன்றாக வராத தோட்டா ரேடாருக்கு மாறியதும் திடீரென்று நல்ல பிள்ளையாவது இதனால்தான். தோட்டா முன்பும் அப்படித்தான் இருந்தது.

அப்புறம், எவ்வளவு துல்லியம் உண்மையில் வேண்டும்? அதே 175 கிரெயின் குண்டுக்கு 10 எஃப்பிஎஸ் கூடினால் 100 கஜத்தில் குண்டு படும் இடம் அரை மில்லிமீட்டர் ஏறும். யாருக்கும் தெரியாது. 1000 கஜத்தில் அதே 10 எஃப்பிஎஸ் 3 முதல் 4 அங்குலம். நூறு கஜத்தோடு நிற்பவர் இரண்டு ரேடாருக்கு நடுவே உள்ள 3 எஃப்பிஎஸ் வித்தியாசத்தைப் பற்றிப் பேசுவதே வெட்டிவேலை. 2600-இல் 0.1 சதவீதம் என்பது கூட்டவோ குறைக்கவோ 2.6. ஆகவே இரண்டு நல்ல கருவிகள் 5 எஃப்பிஎஸ் வரை விலகி நின்றும் இரண்டுமே தத்தம் வாக்கைக் காப்பாற்றியவையாகத்தான் இருக்கும். நெடுந்தூரம் சுடுகிறவர் கருவி காட்டிய வேகத்தைக் குண்டின் பாதையைக் கணிக்கும் செயலியில் போட்டும் தூரத்தில் குண்டு தாழ்ந்தோ உயர்ந்தோ விழுந்தால், உடனே வேகத்தைத் தட்டிக் கொட்டி மாற்றக் கூடாது. ரேடார் தந்த வேகத்தில் பிழை சின்னது என்று தெரியும். பார்வைக்கண்ணாடியின் கிளிக் சரியா, தூரம் சரியா, கோஎஃபிஷன்ட் சரியா என்ற வரிசையில் தேடுங்கள்.

தாமே நிரப்புகிறவருக்கு வேகம் இன்னொன்றையும் சொல்லும். கையேட்டில் உங்கள் குழல் நீளத்துக்குச் சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டி எண் போனால், உங்கள் ரைபிள் அதிர்ஷ்டக்கார ரைபிள் என்று அர்த்தமில்லை. அழுத்தம் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள், தோட்டா உறையில் அதற்கான அறிகுறி தெரியாவிட்டாலும் சரி.

பிஸ்டல் போட்டிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. ஐபிஎஸ்சி (சர்வதேசத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு) மைனர் பிரிவுக்குப் பவர் ஃபேக்டர் 125 வேண்டும். கிரெயினில் குண்டின் எடையை எஃப்பிஎஸ்ஸால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. 124 கிரெயின் குண்டு உங்கள் கார்மினில் 1010 காட்டினால் 125.2, தேறிவிட்டது. போட்டிக்காரர்களின் கருவி 1007 காட்டினால் 124.9, போச்சு. இரண்டு கருவியிலும் குற்றமில்லை. வீட்டில் 130-ஐத் தொடும்படி வைத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக அந்தக் கைமாற்று லேப்ரேடார். வாங்குவதென்று முடிவெடுத்தால் சுடுதளத்தில் வைத்து உங்கள் 308-ஐச் சுட்டுப் பார்த்தே வாங்குங்கள். பவர்பேங்க் சொருகும் துளை ஆடுகிறதா, எஸ்டி கார்டில் ஒவ்வொரு வெடிக்கும் கோப்பு விழுகிறதா, பொத்தான்கள் அழுத்தினால் உடனே கேட்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பத்து வெடியாவது சுட்டு, எத்தனை பதிவாயிற்று என்று எண்ணுங்கள். கோப்பைத் திறந்து சிக்னல் எத்தனை கஜம் வரை நிற்கிறது என்றும் பாருங்கள். 308 குண்டை ஐம்பது கஜத்துக்குள்ளேயே தொலைத்துவிட்டால், முதலில் திசையைச் சரிசெய்து மறுபடி சுடுங்கள். அப்போதும் அப்படியே என்றால் விட்டுவிடுங்கள். பின்தொடர்வதற்காக மட்டுமே வாங்கும் கருவி அது.